எதைப் பற்றி எழுதுவது? காவிரிப் படுகையிலிருந்து தொடராக எழுத நினைப்பவர்களுக்கு

டெல்டாவைப் பற்றித் தொடராக எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கல்லணையில் தொடங்குகிறார்கள். அடுத்து பெரிய கோயில். பிறகு கும்பகோணம் டிகிரி காபி, திருவாரூர்த் தேர், நாச்சியார்கோவில் குத்துவிளக்கு. ஆறாவது கட்டுரைக்கு வரும்போது எழுத எதுவும் இல்லாதது போலத் தோன்றிவிடுகிறது. இந்த ஐந்தும் எல்லோருக்கும் தெரிந்தவை, ஒன்றுக்கொன்று ஒட்டாதவை, காபியைப் படிக்க வருகிறவர் தேரைப் படிக்க வருவதில்லை. ஒன்றுக்காகத் தேடிச் சேர்த்த ஆட்களும் குறிப்புகளும் அடுத்ததற்கு உதவுவதில்லை, ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. சரியான பொருள் அமைந்தால் முதல் கட்டுரைக்காக அலையும்போதே அடுத்த மூன்று கட்டுரைகள் கையில் வந்து விழும். அப்படிப்பட்ட பொருளைக் கண்டுபிடிக்கும் வழி இது.

பொருள், எல்லை, கேள்வி

எழுத நினைப்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அதில் மூன்று இருக்க வேண்டும். கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருள் அல்லது வேலை. இரு சக்கர வண்டியில் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஓர் எல்லை. உங்களுக்கே இன்னும் விடை தெரியாத ஒரு கேள்வி.

"விவசாயம்" என்பதில் மூன்றுமே இல்லை. "சம்பா சாகுபடி" என்றால் வேலை இருக்கிறது, எல்லை இல்லை. "மன்னார்குடிப் பக்கம் சம்பாவுக்குப் பின் உளுந்து" என்றால் எல்லையும் வந்துவிட்டது, கேள்விதான் குறை. "அறுவடை எந்திரம் வந்தபின் மன்னார்குடிப் பக்கத்து மூன்று ஊர்களில் உளுந்து தெளிப்பு என்ன ஆனது?" என்று எழுதினால் மூன்றும் சேர்ந்துவிடும்.

இந்தக் கடைசி வாக்கியம் ஏன் நல்ல பொருள் என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். டெல்டாவில் சம்பா, தாளடிப் பருவ நெல் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே, கதிர் முற்றி நிற்கும் வயலில், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்தையோ பச்சைப் பயறையோ தெளித்துவிடுவது வழக்கம். நெல்லை அறுத்துக் கட்டு தூக்கும் நேரத்தில் பயறு முளைத்திருக்கும். அதன் பிறகு மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பனியையும் வைத்தே விளைந்துவிடும். உழவு இல்லை, பெரும்பாலும் பாசனமும் இல்லை. ஆள் வைத்து அரிவாளால் அறுத்த காலத்துக்கு இது பொருந்தியது. எந்திரம் இறங்கும் வயலில் டயரோ செயினோ முளையை நசுக்கிவிடும். வயல் காயட்டும், பிறகு எந்திரத்தை இறக்கலாம் என்று காத்திருந்தால் தெளிக்கும் பதம் தப்பிப் போகும். அறுத்த பின் தெளிக்கலாம் என்றால் எந்திரம் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போன வைக்கோல் மேலே கிடக்கும்.

இந்த ஒரு சிக்கலைப் பிடித்துக்கொண்டு போனால் எத்தனை கதவுகள் திறக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். செயின் வண்டிக்கும் டயர் வண்டிக்கும் வாடகை வித்தியாசம், அறுவடைக்கு ஆள் கிடைக்காத காரணம், வைக்கோலைக் கட்டாகச் சுருட்டும் எந்திரம், விதை உளுந்து எங்கிருந்து வருகிறது, ஆடுதுறை 3 ரகத்தை இன்னும் யார் வைத்திருக்கிறார்கள், மாசிப் பனி குறைந்த வருடத்தில் காய் பிடிப்பு எப்படி, பயறு போடாத வயலில் அடுத்த குறுவைப் பருவ நெல்லுக்கு உரம் கூடுதலாகத் தேவைப்படுகிறதா. ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை. ஒவ்வொன்றுக்கும் அதே மூன்று ஊர்களுக்குத்தான் போக வேண்டும், அதே ஆட்களைத்தான் பார்க்க வேண்டும். மூன்றாவது முறை போகும்போது முதல் முறை சொல்லாததைச் சொல்வார்கள்.

கேள்வியைச் சோதிக்க ஒரு சுருக்கமான வழி உண்டு. "ஆம்", "இல்லை" என்று முடிந்துவிடுகிற கேள்வி தொடருக்கு உதவாது. கலைக்களஞ்சியத்தில் விடை இருக்கிற கேள்வியும் உதவாது. "ஏன் இங்கே மட்டும்?", "முன்பு எப்படி, இப்போது எப்படி?", "யார் செய்கிறார்கள், யாருக்குக் கூலி?" என்ற மூன்று அச்சுகளில் ஒன்றில் வார்த்துப் பார்த்தால் பெரும்பாலான தலைப்புகளுக்கு நல்ல கேள்வி அமைந்துவிடும்.

எல்லையைத் தண்ணீரை வைத்துப் போடுங்கள்

மாவட்டத்தை எல்லையாக வைத்துக்கொள்ள வேண்டாம். பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் தனியானது. 1997-இல் திருவாரூர், 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. பழைய ஆவணத்தில் "தஞ்சாவூர் ஜில்லா" என்று பார்த்துவிட்டு இன்றைய தஞ்சாவூரின் கணக்கோடு ஒப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த ஒப்பீடு அடியோடு தவறாகிவிடும். வாய்க்கால் அப்படிப் பிரிவதில்லை. தலைமதகு எங்கே, கடைமடை எங்கே என்பது தலைமுறைகளாகப் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது.

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நான்காகப் பிரிகிறது. கொள்ளிடம் வெள்ள வடிகால். மற்ற மூன்றும் பாசனத்துக்கு. வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்துவிடுகிறது. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் கிளைக்கின்றன. இவற்றிலிருந்து வாய்க்கால்கள், அவற்றிலிருந்து சி, டி பிரிவு என்று பொறியாளர்கள் சொல்லும் சின்ன வாய்க்கால்கள். ஒரு முழு ஆறு ஒருவருக்குப் பெரிது. ஒரு வாய்க்கால், தலைமதகிலிருந்து கடைசி வயல் வரை, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என்பது ஒருவர் தொடர்ந்து பார்க்கக்கூடிய அளவு. நீங்கள் எழுதப்போவது நாதஸ்வரமாகவோ வெற்றிலைக் கொடிக்காலாகவோ இருந்தாலும் இந்த எல்லை பொருந்தும்; கொடிக்கால், செங்கல் காளவாய், சந்தை, கோயில் குளம் எல்லாம் தண்ணீர்ப் போக்கை ஒட்டியே அமைந்தவை.

ஒன்று கவனிக்க வேண்டும். மேல்பகுதியில் பாசனம் தருகிற அதே வாய்க்கால் கீழ்ப்பகுதியில் வடிகாலாக வேலை செய்யும். ஐப்பசி மழையில் மேலூர்க்காரர் "தண்ணீர் வடிந்துவிட்டது" என்பார், கீழூர்க்காரர் "தண்ணீர் ஏறிவிட்டது" என்பார். இரண்டும் உண்மை. ஒரு முனையில் மட்டும் நின்று எழுதினால் பாதிதான் தெரியும்.

பன்னிரண்டு மாதச் சோதனை

ஒரு தாளில் சித்திரை முதல் பங்குனி வரை எழுதி, ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே உங்கள் பொருளில் அப்போது கண்ணால் பார்க்க என்ன இருக்கும் என்று நிரப்புங்கள். டெல்டாவின் ஆண்டு தண்ணீரை ஒட்டி ஓடுவது. மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மரபு. தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள். ஆனால் மரபுத் தேதியை நம்பிக் கட்டுரைத் திட்டம் போட வேண்டாம்: 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-இல் ஜூலை 28 வரை திறக்க முடியவில்லை. குறுவை அந்தத் தேதியைப் பார்த்துத்தான் நிற்கும் அல்லது விழும்.

எடுத்துக்காட்டாக நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை எழுத நினைத்தால் புரட்டாசி, ஐப்பசியில் குறுவை நெல், தை முதல் பங்குனி வரை சம்பா, தாளடி நெல் என்று இரண்டு காலம் நிறையச் சரக்கு இருக்கும். 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் எடுக்க மாட்டார்கள், மழை பெய்த வருடம் தளர்வு கேட்டு மத்தியக் குழு வந்து பார்க்கும். சாக்கு, தார்ப்பாய், சுமைதூக்குவோர் கூலி, 40 கிலோ சிப்பத்தின் எடை என்று ஒவ்வொன்றும் எழுத வேண்டிய விஷயம். ஆனி, ஆடி, ஆவணியில் நிலையம் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். அந்தக் காலத்துக்கு அந்த நெல் போன இடத்தைத் தொடர்ந்து போகலாம்: திறந்தவெளிக் கிடங்கு, அரைவை ஆலை, ரேஷன் கடை. காலி மாதம் மூன்று வரை இருந்தால் இப்படி ஒட்டுப்போட்டுச் சரிசெய்யலாம். ஆறு மாதம் காலியாக இருந்தால் பொருளை மாற்றுங்கள். திருவிழா, மகாமகம் போன்றவை இப்படித்தான் ஏமாற்றும். மகாமகம் 2016-இல் வந்தது, அடுத்தது 2028. இடைப்பட்ட காலத்தில் எதைப் பார்த்து எழுதுவது? அந்தக் குளத்துக்குத் தண்ணீர் வரும் வழியை எடுத்தால் எல்லா மாதமும் வேலை இருக்கும்.

ஆள், தாள், இடம்

ஒரு பொருளைத் தாங்க மூன்று வகை ஆதாரம் வேண்டும். ஒன்று இல்லாமல் போனால் கட்டுரை ஒரு பக்கம் சாயும்.

ஆள் என்றால் ஒரே வேலை செய்யும் ஐந்து பேர் அல்ல, ஐந்து வெவ்வேறு வேலை செய்கிறவர்கள். ஒரு மதகைப் பற்றி எழுத அதைத் திறந்து மூடும் லஸ்கர், மேல்மடை விவசாயி, கடைமடை விவசாயி, நடவுக்குப் போகும் பெண்கள், டீசல் என்ஜின் வாடகைக்கு விடுகிறவர் என்று வேண்டும். இங்கே ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது: நெல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் நிலம் வைத்திருப்பவரிடம் மட்டும் பேசிவிட்டு வருகிறார்கள். நாற்றின் வயது, நாற்றுக்கட்டின் (முடி) கனம், எந்த வயலில் கால் எவ்வளவு புதையும், எந்த ரகத்தில் களை அதிகம் என்பதெல்லாம் நடுகிறவர்களுக்கும் களை எடுக்கிறவர்களுக்கும்தான் சரியாகத் தெரியும். நிலக்காரர் எத்தனை பேரிடம் பேசினீர்களோ அதே எண்ணிக்கையில் கூலி வேலை செய்கிறவர்களிடமும் பேசுங்கள். 1952-இல் தஞ்சாவூருக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மண் இது. 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட மண். எந்தப் பொருளை எடுத்தாலும் நிலம், கூலி, சாதி மூன்றும் அதில் இருக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு எழுதினால் உள்ளூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

அதே காரணத்தால் பெயரில் கவனம் வேண்டும். கோயில், மட நிலங்களிலும் தனியார் நிலங்களிலும் வாய்வழிக் குத்தகை நிறைய உண்டு. "இன்னார் இந்த நிலத்தை இவ்வளவு குத்தகைக்குப் பயிரிடுகிறார்" என்று நீங்கள் சாதாரணமாக எழுதும் ஒரு வரி அவருடைய சாகுபடியையே பறித்துவிடக்கூடும். பெயரும் ஊரும் சேர்ந்து வரலாமா என்று ஒவ்வொருவரிடமும் நேராகக் கேட்டுவிடுங்கள்.

தாள் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல் (பயிர்க் கணக்கு), புல வரைபடம், 1906-இல் ஆங்கிலேய அதிகாரி ஹெமிங்வே தொகுத்த தஞ்சாவூர் கெசட்டியர், தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகள், கூட்டுறவுச் சங்க அறிக்கைகள். கேட்டும் கிடைக்காததற்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். மனு பலிக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கேள்விதான். "தூர்வாரும் பணி ஏன் சரியாக நடக்கவில்லை?" என்று கேட்டால் விளக்கம் தரக் கடமையில்லை என்று திருப்பிவிடுவார்கள், அலுவலகத்தில் உள்ள ஆவணத்தை மட்டுமே சட்டப்படி கேட்கலாம். "இன்ன வாய்க்காலில், இன்ன நிதியாண்டில் தூர்வாரிய நீளம், ஒப்பந்தத் தொகை, அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல்" என்று கேளுங்கள். ஒரு மனுவில் ஒரு வாய்க்கால், ஒரு வருடம்.

இடம் என்றால் அதே இடத்துக்குத் திரும்பப் போக முடிவது. மதகுப் பக்கம் ஒரு நிலையான புள்ளியைக் குறித்துக்கொண்டு, சென்டிமீட்டர் கோடு போட்ட மூங்கில் கழியால் அதே நேரத்தில் தண்ணீர் ஆழம் அளந்து எழுதி வைத்தால், ஒரு பருவம் முடிவதற்குள் அந்த வாய்க்காலைப் பற்றி வேறு யாரிடமும் இல்லாத கணக்கு உங்களிடம் இருக்கும். ஓட்டம் வேகமாக இருக்கும்போது கரையில் நின்றே அளக்க முடிகிற இடமாகப் பாருங்கள்.

நாற்பது தலைப்பு

வாக்கியம் உறுதியானதும் ஒரே அமர்வில் நாற்பது கட்டுரைத் தலைப்புகளை எழுதுங்கள். முதல் பத்து வேகமாக வரும். அவை எல்லோரும் எழுதக்கூடியவை. இருபதைத் தாண்டியபின் கை தயங்கும், அங்கிருந்து வருபவைதான் பெரும்பாலும் உங்களுடையவை. பிறகு அடிக்கத் தொடங்குங்கள். வீட்டில் உட்கார்ந்தே எழுதிவிடக்கூடியதை அடியுங்கள். பத்து இடத்தில் ஏற்கெனவே இருப்பதை அடியுங்கள். யாரிடம் கேட்பது என்றே தெரியாததை அடிக்காமல் ஓரமாகக் குறித்து வையுங்கள். பதினைந்து மிஞ்சினால் பொருள் தாங்கும். ஐந்தே மிஞ்சினால் அதை ஒரே நீண்ட கட்டுரையாக எழுதிவிட்டு வேறு பொருளுக்குப் போகலாம், அதில் குறைவு எதுவும் இல்லை.

மிஞ்சியவற்றில் பாதிக்கு மேல் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், உங்கள் உண்மையான பொருள் அதுதான். "டெல்டா உணவு" என்று தொடங்கியவரின் பட்டியலில் பாதி தலைப்பு அரிசி ஆலையைப் பற்றியே இருந்தால், அவர் புழுங்கல் அரிசியை எழுத வேண்டியவர். வாக்கியத்தை அதற்கேற்ப மாற்றிவிடுங்கள்.

ஆசை காட்டி இழுக்கும் பொருள்கள்

தலபுராணம். ஊருக்கு ஊர் கோயில் இருப்பதால் தீரவே தீராது என்று தோன்றும். ஆனால் கோயில் வாசலில் விற்கும் சிறு புத்தகத்தில் இருப்பதையே மாற்றி எழுதுவதாக முடியும். கோயிலில் ஈடுபாடு இருந்தால் கல்வெட்டுக்குப் போங்கள். பெரிய கோயிலின் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சில் இருக்கின்றன. இராசராசன் வேறு வேறு ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிரின்) பெயரும், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதும் அதில் வரிசையாக உண்டு. அந்த ஊர்கள் இன்று எங்கே, அந்தக் கோயில்கள் எந்த நிலையில் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து எழுதினால் பல வருடத்துக்கான வேலை. எல்லையை மட்டும் ஓர் ஆற்றுப் பாசனத்துக்குள் சுருக்கிக்கொள்ளுங்கள்.

காவிரி வழக்கு. 1924 ஒப்பந்தம், 1990-இல் நடுவர் மன்றம், 2007 இறுதித் தீர்ப்பில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டியது 192 டி.எம்.சி., 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது என்பவை தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை. ஆனால் அவை முடிவாகும் இடம் உங்கள் எல்லைக்கு வெளியே. செய்தித்தாள் எழுதியதைத்தான் நீங்களும் எழுத முடியும். உங்கள் வாய்க்காலில் முறைவைத்து விடும்போது எத்தனை நாளுக்கு ஒரு முறை வந்தது, எத்தனை வயல் எட்டியது என்பதை உங்களைத் தவிர யாரும் எழுதப்போவதில்லை.

பாரம்பரிய நெல். திருத்துறைப்பூண்டியில் நெல் ஜெயராமன் தொடங்கிவைத்த நெல் திருவிழாவுக்குப் பின் இதில் ஆர்வம் பெருகியிருப்பது நல்ல விஷயம். ஆனால் மாப்பிள்ளைச் சம்பா இந்த நோயைத் தீர்க்கும், கருப்புக் கவுனி அந்த நோயைத் தீர்க்கும் என்று எழுதுவதில் போய் முடிகிறது. அதற்குப் பதில் வயது எத்தனை நாள், உயரம் எவ்வளவு, ஐப்பசி மழைக்குச் சாய்ந்ததா, ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது, அரைத்தபோது எவ்வளவு நொய் என்று எழுதுங்கள். பயிரிட நினைக்கிறவருக்கு அதுதான் வேண்டும்.

கைவினை. சுவாமிமலைச் சிலை, நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் என்று முழுத் தொழிலையும் எடுக்காமல் ஒரே ஒரு கட்டத்தை எடுங்கள். சிலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலக்கும் பதம், அச்சுக்குப் பூசும் காவிரி வண்டல். நாதஸ்வரத்தில் ஆச்சா மரம் எங்கிருந்து வருகிறது, பழைய கட்டை ஏன் தேவைப்படுகிறது. சில பதங்கள் குடும்பத்துக்குள் இருப்பவை. பார்க்க விட்டதாலேயே எழுதலாம் என்று ஆகாது.

யாருக்காக எழுதுகிறோம்

இதை அளவுகளில் தீர்த்துவிடலாம். உள்ளூர் வாசகருக்கு ஹெக்டேர் மனதில் நிற்காது; சென்னையிலோ சிங்கப்பூரிலோ படிப்பவருக்கு மா தெரியாது. தஞ்சைக் கணக்கில் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, அதாவது 33 சென்ட், 20 மா ஒரு வேலி, அதாவது சுமார் 6.6 ஏக்கர். மூன்று மாவை ஓர் ஏக்கர் என்று பேச்சில் சொல்வார்கள். பிற மாவட்டங்களில் குழியின் அளவே வேறு என்பதால் முதல் கட்டுரையில் ஒரு முறை விளக்கிவிட்டு, பிறகு மாவிலேயே எழுதுங்கள். ஊர்க்காரர் வாசித்துத் தப்பு கண்டுபிடிக்கும்படி எழுதினால் வெளியூர்க்காரருக்கும் அது பயன்படும். தலைகீழாகச் செய்தால் ஊர்க்காரர் விலகிவிடுவார், பிறகு திருத்தச் சொல்ல ஆள் இருக்காது.

அறிவிப்பதற்கு முன்

தொடரின் பெயரை யாரிடமும் சொல்வதற்கு முன் மூன்று கட்டுரைகளை முழுதாக எழுதி வையுங்கள். ஒன்று அளந்து எழுதியது, ஒன்று ஒருவரின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது, ஒன்று ஆவணத்திலிருந்து எழுதியது. இந்த மூன்றில் எது வராமல் இழுக்கிறதோ அந்த வகை ஆதாரம் உங்கள் பொருளில் மெலிவு. சரிசெய்ய முடியாவிட்டால் கேள்வியை மாற்றுங்கள், எல்லையை விட்டுவிடாதீர்கள். அறிமுகமான ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஒரே ஆட்கள் ஒரே பதிலைச் சொல்லத் தொடங்கினால் பொருள் குறுகிப்போய்விட்டது என்று அர்த்தம். அப்போது அடுத்த வாய்க்காலுக்கு நீட்டுங்கள், அதே கேள்வியோடு. புயல், வெள்ளம் வரும்போது எல்லாவற்றையும் எழுதத் தோன்றும். 2018 நவம்பர் 16-இல் கஜா கரை கடந்தபோது விழுந்த தென்னைகளை எல்லோரும் எழுதினார்கள். வாய்க்காலை எழுதிவருகிறவர் அந்த மரங்கள் வாய்க்காலில் விழுந்து தண்ணீர் எங்கே தேங்கியது, யார் வெட்டி எடுத்தார்கள் என்று எழுதியிருந்தால் அது தொடருக்குள் நிற்கும்.

தொடங்க நல்ல காலம் சித்திரை, வைகாசி. வாய்க்கால் காய்ந்து தரை தெரியும். மதகுப் பலகையின் அடி, உடைந்த கரை, மணல் ஏறிய உயரம், யாரோ குழாய் பதித்த இடம் எல்லாவற்றையும் இறங்கி நடந்து பார்க்கலாம், அளக்கலாம், படம் எடுக்கலாம். தண்ணீர் வந்துவிட்டால் இவற்றைப் பார்க்க அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டும்.